பந்தைத் தொடாத ஐந்து பேர்: ஒஹாயோ ஸ்டேட்டின் 2024 சீசன்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் 2024 சீசனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜெரமையா ஸ்மித் பிடித்த பந்துகளும் ஜாக் சாயர் ஓடிய 83 யார்டும்தான் முதலில் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு ஏன் இரண்டு முறை தோற்றது, தோற்றபின் வரிசையாக நான்கு ஆட்டம் வென்று எப்படிக் கோப்பையைத் தூக்கியது என்று கேட்டால், விடை ஆஃபென்சிவ் லைனில் இருக்கிறது. பந்தைக் கையில் வாங்காமலே ஆட்டம் முழுக்க முட்டி மோதுகிற ஐந்து பேரிடம்.

ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்காகச் சில வரிகள். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி, அதன்பின் ஒரு உதை வெற்றியானால் இன்னொன்று. முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்து வைத்திருக்கும் பக்கம் ஆஃபென்ஸ், தடுக்கும் பக்கம் டிஃபென்ஸ். ஆஃபென்ஸின் 11 பேரில் ஐவர் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, வெளியோரத்தில் டேக்கிள். எறியும் பந்தை, அதாவது பாஸை, பிடிக்க இவர்களுக்கு அனுமதி கிடையாது. (சென்டர் பந்தைத் தொடுகிறாரே என்று கேட்கலாம். தொடுகிறார், கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிடும் அந்த ஒரு கணம் மட்டும். அதற்கு ஸ்னாப் என்று பெயர்.)

இந்த ஐவரில் இடது டேக்கிளுக்குத்தான் மவுசு. பின்னால் நின்று பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் வலக்கைக்காரர் என்றால், அவர் எறிவதற்காக உடம்பைத் திருப்பும்போது இடப்புறம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பக்கமிருந்து வருகிறவரை அவர் பார்க்கவே முடியாது. கார்டின் வேலை நெருக்கடியில், தோளோடு தோள் உரச, 140 கிலோ மனிதர்களை அசைப்பது. டேக்கிளுக்கோ பக்கத்தில் ஆளில்லாத திறந்தவெளி. எதிரே நிற்பவர் இலகுவானவர், வேகமானவர். ஆகவே ஒரு காலைப் பின்னுக்கு உதைத்து உதைத்துச் சரிந்துகொண்டே போய், அவர் உள்ளே திரும்புவாரா வெளியே சுற்றுவாரா என்று கடைசி நொடி வரை காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு உடம்பைச் சாய்த்தால் தீர்ந்தது. நல்ல கார்டு எல்லாம் நல்ல டேக்கிள் ஆகிவிட மாட்டார் என்பது இதனால்தான்.

முந்தைய சீசனை 11 வெற்றி, 2 தோல்வியோடு முடித்திருந்தது அணி. மிஷிகனிடம் 30-24, காட்டன் பவுல் என்ற சீசன் முடிவுக் கோப்பை ஆட்டத்தில் மிசௌரியிடம் 14-3. அந்த 3 புள்ளி ஆட்டம் உறுத்தியிருக்க வேண்டும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கக்கூடிய சாயர், ஜேடி டுயிமோலோவ், எமேகா எக்பூகா, ட்ரெவேயன் ஹெண்டர்சன், டோனவன் ஜாக்சன் எல்லோரும் இன்னொரு ஆண்டு தங்கினார்கள். வெளியிலிருந்து கன்சாஸ் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டு, ஓல் மிஸ்ஸின் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ், அலபாமாவிலிருந்து டிஃபென்ஸின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி கேலப் டவுன்ஸ், சென்டர் செத் மெக்லாக்லின் வந்து சேர்ந்தார்கள். யு.சி.எல்.ஏ.வின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி அந்தப் பதவியை விட்டுவிட்டு, தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேவுக்குக் கீழே ஆஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக வந்தார். வீரர்களுக்கான விளம்பர ஒப்பந்தப் பணம் ஏறத்தாழ 2 கோடி டாலர் என்று பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே சொன்னார். இவ்வளவு செலவழித்த அணியில் ஆழமில்லாத ஒரே இடம் லைன்தான். முதல் ஐவர் சரி, ஆறாவது ஆள் யார் என்ற கேள்விக்கு ஆகஸ்டில் தெளிவான பதில் இல்லை.

முதல் ஐந்து ஆட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஏக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிஷிகன் 56-0, மார்ஷல் 49-14, மிஷிகன் ஸ்டேட் 38-7, ஐயோவா 35-7. இவற்றிலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை, ஸ்மித் என்ற முதலாண்டுப் பையன் வேறு ரகம் என்பதைத் தவிர.

அக்டோபர் 12, ஆரிகனில் ஆட்டம். 32-31 என்று ஒரு புள்ளியில் தோல்வி. கடைசி நொடிகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். பந்து ஒஹாயோ ஸ்டேட்டிடம், மூன்றாம் டவுன், 10 நொடி மிச்சம். ஆரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரைக் களத்தில் நிறுத்தியது. கூடுதல் ஆள் இருந்ததால் பாஸ் போக வழியில்லை, தவறியது. தண்டனை 5 யார்டு. ஆனால் 4 நொடி கரைந்துவிட்டது, கடிகாரத்தைத் திருப்பி வைக்க விதியில் இடமில்லை. அந்த நிலையில் எவருக்கும் 5 யார்டைவிட 4 நொடி பெரிது. ஆரிகன் கோச் டான் லானிங் பிறகு பேசியபோது, அது பயிற்சி செய்து வைத்திருந்த விஷயம் என்பதை மறைக்கவில்லை. அடுத்த வாரமே விதிக்குப் புது விளக்கம் வந்தது: ஒரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் டிஃபென்ஸ் 12 பேரோடு ஆடினால், கடிகாரத்தை ஸ்னாப் நேரத்துக்கே திருப்பி வைக்குமாறு எதிரணி கேட்கலாம். மிச்சமிருந்த 6 நொடியில் ஹோவர்டு தானே பந்தோடு ஓடினார். அவர் தரையில் சறுக்கியபோது கடிகாரம் பூஜ்யத்தில் இருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய சேதம் இரண்டாம் குவார்ட்டரிலேயே நடந்திருந்தது. இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், சீசன் முடிந்தது. அதுவரை அவர் ஆடியது எப்படி என்பதற்கு ஒரு சான்று போதும்: ஆறே ஆட்டம் ஆடி, காயத்தோடே இருந்தவரை 2025 டிராஃப்டின் (என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்துக்கொண்டது.

அடுத்து நெப்ராஸ்கா. சிம்மன்ஸ் இடத்தில் ஜென் மிஷால்ஸ்கி. ஒஹாயோ ஸ்டேட் ஓடி எடுத்தது மொத்தம் 64 யார்டு. இங்கே கல்லூரிக் கால்பந்தின் ஒரு வினோதக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். குவார்ட்டர்பேக் எறியும் முன்பே அவரை வீழ்த்தினால் அது சேக். சேக்கில் இழந்த யார்டை என்.எஃப்.எல். பாஸ் கணக்கில் கழிக்கும், கல்லூரியிலோ ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். ஆகவே ‘ஓட்டம் சரியில்லை’ என்ற எண்ணுக்குள் பாதுகாப்பு ஓட்டையும் ஒளிந்திருக்கும். 21-17 என்று தப்பித்தார்கள். மிஷால்ஸ்கியும் அதே ஆட்டத்தில் காயப்பட்டார்.

அடுத்த வாரம் பென் ஸ்டேட். அங்கே எதிரே நிற்கப்போவது அப்துல் கார்ட்டர், பின்னால் 2025 டிராஃப்டில் மூன்றாவதாகப் போனவர். டேவும் கெல்லியும் எடுத்த முடிவு: இடது கார்டு டோனவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்து, அவர் இடத்தில் கார்சன் ஹின்ஸ்மனை வை. இந்த நகர்த்தலின் செலவு வெளியே தெரியாது. ஒருவரை மாற்றினால் ஒரு இடம் மாறும். ஒருவரை நகர்த்தினால் இரண்டு இடம் மாறும், கூடவே பக்கத்து ஆட்களோடான தையல்களும் பிரியும். இரட்டைத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டும் சென்டரும் சேர்ந்து எதிரணியின் கனமான டேக்கிளை நெம்பித் தள்ள வேண்டும். அவர் அசைந்ததும் இருவரில் ஒருவர் கழன்று பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். எப்போது கழல்வது என்று யாரும் கத்திச் சொல்வதில்லை. பக்கத்து ஆளின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்வது. அரை நொடி முந்தினால் தள்ளப்பட வேண்டியவர் இருவருக்கும் நடுவே பிளந்துகொண்டு வந்துவிடுவார். அரை நொடி பிந்தினால் லைன்பேக்கர் ஓட்டக்காரனை வாசலிலேயே மறித்துவிடுவார். சேர்ந்து ஆட ஆட வருகிற பழக்கம் இது, ஏழு நாளில் சொல்லிக்கொடுத்துத் தீராது.

ஆனாலும் அந்த ஆட்டத்தில் தாக்குப்பிடித்தது. ஹோவர்டு ஆரம்பத்திலேயே எதிரணிக்கு எறிந்து டச்டவுன் கொடுத்து 10-0 என்று பின்தங்க வைத்தார். பிறகு டிஃபென்ஸ் காப்பாற்றியது. நான்காம் குவார்ட்டரில் 3 யார்டு தூரத்தில் பென் ஸ்டேட்டுக்கு முதல் டவுன். நான்கிலும் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மிச்சம். பந்து இப்போது ஒஹாயோ ஸ்டேட்டிடம், தன் எல்லைக்கோட்டருகே. இங்கிருந்து ஓடி ஓடியே நேரத்தைத் தீர்த்தார்கள், பென் ஸ்டேட்டுக்குப் பந்து திரும்பக் கிடைக்கவில்லை. 20-13. ஒட்டுப்போட்ட லைனுக்கு அதுதான் நற்சான்றிதழ். என் கணிப்பில் சீசனிலேயே மிக அழகான ஐந்து நிமிடம், டச்டவுன் ஒன்றுகூட இல்லாமல்.

பர்டூ 45-0, நார்த்வெஸ்டர்ன் 31-7. பிறகு, தோல்வியே காணாத இந்தியானாவோடு மோதவேண்டிய வாரத்தில், பயிற்சியில் சென்டர் மெக்லாக்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. பட்ட காலிலே படும் என்பது இதுதான். அலபாமாவில் கடைசியாக ஆடிய ரோஸ் பவுலில் தாழ்வான ஸ்னாப்களுக்காக வசைபட்டவர், இங்கே வந்து நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வாங்குகிற அளவுக்கு ஆடியிருந்தார். விருது கிடைத்தது, ஆனால் மிச்ச சீசனை ஊன்றுகோலோடு பார்த்தார்.

சென்டர் போனால் போவது உடல்பலம் மட்டுமில்லை. ஸ்னாப்புக்கு முன் எதிரணி நிற்கும் அமைப்பைப் பார்த்து, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று அறிவிப்பவர் அவர். அந்த அறிவிப்பு ஓர் ஆள் தள்ளிப்போனால் ஐந்து பேருமே தப்பான ஆளைத் தடுப்பார்கள், ஒருவன் தடையில்லாமல் குவார்ட்டர்பேக்கிடம் வந்து நிற்பான். ஹின்ஸ்மன் 2023-ல் சென்டராக 12 ஆட்டம் தொடங்கியவர், பிறகு இடத்தை இழந்தவர். அவர் கார்டிலிருந்து நடுவுக்குப் போனார். கார்டு இடத்தை லூக் மாண்ட்கோமரியும் ஆஸ்டின் சியர்வெல்டும் பகிர்ந்துகொண்டார்கள். ஆக ஆகஸ்டில் திட்டமிட்ட ஐவரில் இடப்பக்கத்து மூன்று இடத்திலும் இப்போது வேறு ஆள். இந்தியானாவை 38-15 என்று வென்றார்கள். அதில் கேலப் டவுன்ஸ் பன்ட்டை (எதிரணி உதைத்துவிட்ட பந்தை) வாங்கித் திருப்பி ஓடிய 79 யார்டுக்கும் டிஃபென்ஸுக்கும் பங்கு பெரிது. லைன் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த 38 புள்ளி சரியான விடை அல்ல.

விடை நவம்பர் 30 அன்று வந்தது. மிஷிகன் 6-5 என்ற கணக்கோடு ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்கு வந்த அணி. பந்தயக்காரர்கள் ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஸ்டேட் வெல்லும் என்றார்கள். மிஷிகனிடம் உருப்படியாக இருந்தது டிஃபென்ஸின் நடுவே இரண்டு மலைகள், மேசன் கிரேமும் கென்னத் கிராண்டும். எதிரணியின் ஒரே பலம் நடுவில் இருக்கிறது, உன் பலவீனமும் நடுவில்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் ஸ்மித், எக்பூகா, கார்னெல் டேட் என்று மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, நடுவிலேயே போய் மோதிக்கொண்டிருந்தது ஒஹாயோ ஸ்டேட். 26 ஓட்டம், 77 யார்டு. பலத்தை உடல்பலத்தால் நிரூபிக்க வேண்டும் என்ற பிடிவாதம் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டாக மிஷிகனிடம் தோற்றபோதெல்லாம் ‘மென்மையான அணி’ என்ற ஏச்சு கேட்டுக் கேட்டு, அந்த ஏச்சுக்கு எதிராக ஆட்டத்தைத் திட்டமிட்டதுபோல இருந்தது.

முதல் டவுனில் நடுவே ஓடி 2 யார்டு, இரண்டாம் டவுனில் 1 யார்டு, மூன்றாம் டவுனில் 7 யார்டு தேவை என்று எல்லோருக்கும் தெரியும். பாஸ் வரும் என்று தெரிந்தால் டிஃபென்ஸ்காரர் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் பாய்வார். புதிய லைனுக்கு இதைவிடக் கெட்ட நிலைமை கிடையாது. ஹோவர்டு இரண்டு இன்டர்செப்ஷன் எறிந்தார், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்கள். ஜேடன் ஃபீல்டிங் 38, 34 யார்டு ஃபீல்டு கோல் இரண்டைத் தவறவிட்டார். பிற்பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. 45 நொடி இருக்கையில் மிஷிகன் 21 யார்டிலிருந்து உதைத்து 13-10 என்று முடித்தது. அதற்குப்பின் நடுக்களத்தில் மிஷிகன் வீரர்கள் கொடி நடப்போய்க் கைகலப்பு, காவல்துறையின் மிளகு ஸ்பிரே, இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். டேவை நீக்கச் சொல்லிக் கூச்சல்.

சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃபின் பழைய நாலு அணி முறையில் அன்றோடு சீசன் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். 2024-தான் பிளேஆஃப் 12 அணிகளுக்கு விரிந்த முதல் ஆண்டு. அந்த ஆண்டின் விதிப்படி கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்த கூட்டமைப்பு) சாம்பியன்களில் தரவரிசையில் முன்னே நின்ற நான்கு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. தரவரிசையில் ஒஹாயோ ஸ்டேட் 6, ஆனால் 9-ம் இடத்து பாய்ஸி ஸ்டேட்டும் 12-ம் இடத்து அரிசோனா ஸ்டேட்டும் சாம்பியன் என்பதால் முன்னே ஏற, இவர்களுக்குக் கிடைத்தது 8-ம் சீடு, அதாவது பிளேஆஃப் வரிசையில் எட்டாம் இடம். கோணலான முறைதான், அடுத்த ஆண்டே மாற்றிவிட்டார்கள். ஓய்வு வாங்கிய நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன என்பது தனிக் கூத்து.

மிஷிகன் தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே 21 நாள். டிசம்பர் 21 அன்று டென்னஸி கொலம்பஸுக்கு வந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே, ஸ்டேடியத்தில் டென்னஸி ரசிகர்களின் ஆரஞ்சுச் சட்டைகளும் ஏராளம். ஒஹாயோ ஸ்டேட் முதல் டிரைவிலேயே, அதாவது பந்து கைக்கு வந்த முதல் முறையே, எறிந்தது. ஸ்மித்துக்கு 37 யார்டு டச்டவுன். முதல் குவார்ட்டர் முடிகையில் 21-0, முடிவில் 42-17. ஹோவர்டு 29 எறிந்து 24 சேர்த்தார், 311 யார்டு. லைனில் புதிய ஆள் யாரும் வரவில்லை, அதே ஒட்டுப்போட்ட ஐவர்தான். மாறியது வரிசை: முதலில் எறி, டிஃபென்ஸ் விரிந்து நிற்கட்டும், பிறகு ஓடு. முதல் டவுனில் ஓட்டமா பாஸா என்று தெரியாதபோது எதிரே நிற்பவர் அரை நொடி தயங்குவார். ஒட்டுப்போட்ட லைனுக்கு அந்த அரை நொடிதான் மூச்சு.

ஜனவரி 1, ரோஸ் பவுல், மறுபடி ஆரிகன். மூன்றாவது ப்ளேயில் ஸ்மித் 45 யார்டு. ஹெண்டர்சன் 66 யார்டு ஓட்டம். இரண்டாம் குவார்ட்டரிலேயே 34-0. முடிவு 41-21. அக்டோபரில் ஆரிகன் குவார்ட்டர்பேக்கை ஒருமுறைகூட வீழ்த்தாத டிஃபென்ஸ் இப்போது 8 சேக் எடுத்தது. மேலே சொன்ன கணக்கு வினோதத்தால் ஆரிகனின் ஓட்டக் கணக்கு கழித்தல் 23 யார்டில் முடிந்தது.

டெக்சஸ் பாடம் படித்துக்கொண்டு வந்தது. ஜனவரி 10 அன்று காட்டன் பவுலில் ஸ்மித்தை இருவர் சூழ்ந்தார்கள். அவருக்கு ஒரு பந்து, 3 யார்டு. அப்போது எடுத்த ஆயுதம் ஸ்கிரீன் பாஸ். பாய்ந்து வருபவர்களை லைன்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் தடுத்துவிட்டுக் கடந்துபோக விடுவார்கள். அவர்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்கும்போது பந்து அவர்கள் தலைக்கு மேலாக ஹெண்டர்சனிடம் போய்விடும். கழன்ற லைன்காரர்கள் அவருக்கு முன்னால் ஓடி வழி செய்வார்கள். சரியான நேரத்தில் விடுவதில்தான் சூட்சுமம். சீக்கிரம் விட்டால் குவார்ட்டர்பேக் அடி வாங்குவார், தாமதித்தால் லைன்காரர் முன்னே போய்ச் சேர மாட்டார். முதல் பாதி முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது இப்படி ஒரே ப்ளேயில் 75 யார்டு. பிறகு 21-14 என்றிருக்க, டெக்சஸ் 1 யார்டு தூரத்தில் நின்றது. பந்தை நேரே தள்ளாமல் பக்கவாட்டில் வீசி ஓட முயன்று 7 யார்டு இழந்தது. நான்காம் டவுனில் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடினார். 28-14. பறிகொடுத்த குவின் யூவர்ஸ் ஒருகாலத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் சாயரின் அறைத்தோழர்.

ஜனவரி 20, அட்லாண்டா, இறுதி ஆட்டம், எதிரே நோட்டர் டேம். நோட்டர் டேமின் முதல் டிரைவில் 18 ப்ளே, 9 நிமிடம் 45 நொடி, டச்டவுன். அதற்குப்பின் 31 புள்ளி தொடர்ச்சியாக ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. ஹோவர்டின் முதல் 13 பாஸும் சேர்ந்தன. ஜட்கின்ஸுக்கு 11 ஓட்டத்தில் 100 யார்டு, அதில் ஒன்றே 70. பிறகு நோட்டர் டேம் விடாமல் துரத்தி 31-23 வரை வந்தது. கடைசியில் மூன்றாம் டவுன், 11 யார்டு தேவை. நவம்பர் 30 அன்று இருந்த மனநிலை என்றால் ஓடிக் கடிகாரத்தைத் தின்றிருப்பார்கள். எதிரணி ஆட்களை அள்ளிப் பாய்ச்சியது, லைன் நின்றது, ஹோவர்டு உயரே எறிந்தார், ஸ்மித் 56 யார்டு. 26 நொடி இருக்கையில் 33 யார்டிலிருந்து உதைத்து 34-23 ஆக்கியவர், மிஷிகனிடம் இரண்டைத் தவறவிட்ட அதே ஃபீல்டிங்.

14 வெற்றி, 2 தோல்வி. இரண்டும் சேர்த்து 4 புள்ளி வித்தியாசம். அந்த ஏப்ரல் டிராஃப்டில் 14 பேர் போனார்கள். முதல் சுற்றில் நால்வர், அதில் இருவர் சிம்மன்ஸும் ஜாக்சனும்: இருவருமே அந்தச் சீசனில் இடது டேக்கிளாக ஆடியவர்கள்.

மிஷிகனை வெல்லும் ஒவ்வோர் ஆண்டும் ஒஹாயோ ஸ்டேட் வீரர்களுக்குத் தங்க நிறத்தில் சின்னஞ்சிறு கால்சட்டை வடிவத் தொங்கட்டான் ஒன்று கொடுப்பார்கள். 1934 முதல் இருக்கும் வழக்கம். சாயரும் டுயிமோலோவும் 2021-ல் சேர்ந்தவர்கள், நான்கு ஆண்டு ஆடியவர்கள். இருவரும் சாம்பியன் மோதிரத்தோடு வெளியேறினார்கள், தங்கக் கால்சட்டை ஒன்றுகூட இல்லாமல்.